முப்பது அங்குல மேசைக்கு முன்னால் எந்தக் கதிரையும் தோற்கும்: கொழும்பில் கிடைக்கும் கதிரை, மேசைகள் பற்றிய மதிப்பீடு

வெள்ளவத்தையிலிருந்து நுகேகொடை வரை எந்தத் தளபாடக் கடைக்குள் நுழைந்தாலும் கறுப்பு வலைமுதுகுக் கதிரைகள்தான் முதலில் கண்ணில் படும். ‘எர்கோனொமிக்’ என்று ஒரு மட்டை தொங்கும். "சேர், இது முதுகு நோவுக்கென்றே செய்தது, கொஞ்சம் இருந்து பாருங்க" என்பார் விற்பவர். பக்கத்தில் நிற்கும் மேசையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், வாங்குபவரும் கேட்க மாட்டார். என்ன நிறம், எத்தனை லாச்சி, வயர் போக ஓட்டை உண்டா என்பதோடு மேசைப் பேச்சு முடிந்துவிடும். இந்த மதிப்பீடு மேசையிலிருந்துதான் தொடங்குகிறது. முதுகு நோவு, தோள்மூட்டுப் பிடிப்பு, மணிக்கட்டு வலி என்று கதிரை மாற்றுகிறவர்களில் பலருக்கு உண்மையான குற்றவாளி மேசைதான்.

கடை மேசையின் உயரம் பெரும்பாலும் 29 அல்லது 30 அங்குலம், அதாவது 74 முதல் 76 செ.மீ. மொறட்டுவையில் சொல்லிச் செய்வித்தாலும், உயரம் எழுதிக் கொடுக்காவிட்டால் தச்சுப் பாஸ் முப்பது அங்குலத்தில்தான் கால் வெட்டுவார். அது யாருடைய உடம்புக்கான உயரம் என்று பார்க்க அளவு நாடா ஒன்று போதும். மெத்தை இல்லாத மரக் கதிரை ஒன்றில், பாதம் முழுவதும் தரையில் பதியும்படி உட்காருங்கள். முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை ஓர் அளவு. தோளைத் தளரவிட்டு, முழங்கையைச் செங்கோணமாக மடக்கி, முழங்கையின் அடியிலிருந்து இருக்கை வரை இன்னோர் அளவு. இரண்டையும் கூட்டினால் கீபோட்டின் விசைகள் இருக்கவேண்டிய உயரம் வரும். அதிலிருந்து கீபோட்டின் தடிப்பு 2 செ.மீ.யைக் கழித்தால் மேசைப் பலகையின் உயரம்.

ஐந்தடி இரண்டங்குல உயரமுள்ள ஒரு பெண்ணுக்கு முதல் அளவு 40 செ.மீ. சுற்றிலும் இரண்டாவது 22 செ.மீ. சுற்றிலும் வரும். கூட்டினால் 62, பலகை 60இல் இருக்கவேண்டும். கடை மேசை 75இல் நிற்கிறது. அரை அடி அதிகம். ஐந்தடி எட்டங்குல ஆணுக்கும் ஏறத்தாழ 10 செ.மீ. அதிகமாகவே இருக்கும். ஆறடி ஆள் சப்பாத்தும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அந்த மேசை ஒருவாறு பொருந்தும். இறக்குமதிப் பொருட்களின் அளவுகள் நம்மைப் போன்ற நாடுகளின் உடலளவுக்கு ஒத்துவருவதில்லை என்பதை அபேசேகர, ஷானவாஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1989இலேயே ஆய்வுக் கட்டுரையாக எழுதிவிட்டார்கள். கடைகளில் அதற்குப் பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

மேசை உயர்ந்திருந்தால் நடப்பது இதுதான். கையை விசைகளுக்கு மேலே கொண்டுவர இரண்டு தோளும் காதை நோக்கி எழும்பும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசை ஓய்வே இல்லாமல் இறுகி நிற்கும், மத்தியானத்துக்குப் பிறகு கழுத்து பிடிக்கும். தோளை எழுப்பாதவர்கள் மணிக்கட்டை மேசை விளிம்பில் ஊன்றுவார்கள், அப்போது நரம்பு நசுங்கும். எந்தக் கதிரை வாங்கினாலும் இந்த இரண்டும் மாறாது.

வழி மூன்று உண்டு. மலிவானது, நல்லது இரண்டும் ஒன்றேதான்: மேசைக் காலை வெட்டுவது. மரக் கால் என்றால் தச்சுப் பாஸுக்கு அரை மணித்தியால வேலை. இரும்புச் சதுரக் குழாய்க் கால் என்றால் இரும்பு வாளால் வெட்டி, அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியைக் கழற்றித் திரும்பப் போட வேண்டும். நாலு காலையும் தனித்தனியே அளந்து வெட்டினால் மேசை ஆடும். வெட்டும் துண்டில் ஒன்றை அளவுகோலாக வைத்து மற்ற மூன்றையும் அதன்படி குறித்துக்கொள்ளுங்கள். மெலமைன் பலகையே காலாக நிற்கும் மேசையில்தான் கவனம் வேண்டும். வெட்டிய விளிம்பில் மரத்தூள் பலகை அப்படியே வெளியே தெரியும். வேலையாள் தரையை மொப் பண்ணும் தண்ணீர் அதில் ஊறினால், மழைக்காலம் ஒன்று கடப்பதற்குள் கால் ஊதிப் பிளந்துவிடும். வெட்டியதும் விளிம்புப் பட்டி ஒட்டவேண்டும், அல்லது இரண்டு கோட் எனாமல் பெயின்ட் அடித்து, அடியில் ரப்பர் குமிழ் வைக்கவேண்டும்.

எவ்வளவு வெட்டுவது? இங்கே ஒரு சிக்கல் வரும். கொழும்பில் விற்கும் கதிரைகளில் பல, முழுக்க இறக்கினாலும் இருக்கை 45 செ.மீ. சுற்றில்தான் நிற்கும். மேலே சொன்ன பெண்ணுக்கு மேசையை 60க்கு வெட்டினால் கதிரை அதற்கு இறங்காது. ஆகவே கதிரையின் மிகத் தாழ்ந்த உயரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள்: 45, அதோடு முழங்கை 22, கீபோட் 2 கழிய, 65. மேசையில் 10 செ.மீ. வெட்டவேண்டும். பாதத்துக்குக் கீழே மிஞ்சும் 5 செ.மீ. இடைவெளிக்கு 80 கிராம் ஏ4 தாள் கட்டு ஒன்று சரியாக 5 செ.மீ. தடிப்பு. இரண்டு கட்டைப் பக்கத்தில் பக்கமாக வைத்து டேப் சுற்றினால் கால்பலகை தயார். வீட்டில் வெறுங்காலோடு வேலை செய்பவர்கள், சப்பாத்தோடு அளந்த கந்தோர் அளவை வீட்டு மேசைக்குக் கொண்டுவரக்கூடாது. அந்த இரண்டு மூன்று செ.மீ.யைத் தொடையின் அடிப்பக்கம் உணரும்.

மேசை கந்தோர்ச் சொத்து, அல்லது வாடகை வீட்டுக்காரருடையது என்றால் வெட்ட முடியாது. அப்போது கதிரையை உயர்த்திக் கால்பலகை வைக்கவேண்டும். 75 செ.மீ. மேசைக்கு அதே பெண்ணின் இருக்கை 55 செ.மீ. வரை ஏறவேண்டும், பாதத்துக்கு 15 செ.மீ. உயரப் பலகை வேண்டும். சாதாரணக் காஸ் சிலிண்டர் 52 முதல் 55 வரைதான் ஏறும் என்பதால் இது எல்லைக் கோட்டில் நிற்கும் தீர்வு. கடையில் விற்கும் பிளாஸ்டிக் கால்பலகைகள் ஒடுக்கமானவை, இரண்டு பாதத்தையும் அருகருகே ஒட்டிவைக்க வேண்டியிருக்கும், மாபிள் தரையில் வழுக்கியும் ஓடும். 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், முன்பக்கம் சற்றுத் தாழ்ந்து 10 பாகைச் சரிவு, அடியில் ரப்பர் என்று ப்ளைவூட்டில் அடித்து வாங்குவது மேல்.

மூன்றாவது, மேசைக்கு அடியில் பூட்டும் இழுப்புத் தட்டு. நல்ல யோசனைதான், ஆனால் சந்தையில் உள்ளவற்றில் பல 50 செ.மீ. அகலமே. கீபோட் கீழே, மவுஸ் மேலே என்றாகிவிடும், வலது தோளுக்குப் பழையபடியே தண்டனை. 65 செ.மீ.க்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.

லாச்சி பற்றி ஒரு வார்த்தை. நடுவில், தொடைக்கு நேர் மேலே இருக்கும் லாச்சிதான் நமது மேசைகளின் பெரிய வியாதி. அது 10 முதல் 12 செ.மீ. இடத்தைத் தின்னும். கதிரையை உயர்த்தினால் தொடை அதில் முட்டும், உயர்த்தாவிட்டால் தோள் எழும்பும். அந்த லாச்சியில் இருப்பதோ பழைய பேனைகளும் காலாவதியான வங்கிப் புத்தகமும். கழற்றிவிடுங்கள். அதன் தண்டவாளத்தையும் சேர்த்துக் கழற்றினால்தான் இடம் கிடைக்கும்.

மொறட்டுவையில் புதிதாகச் செய்விப்பதானால், தாளில் எழுதிக் கொடுக்கவேண்டியவை: பலகை 4 அடி 6 அங்குலம் நீளம், 2 அடி 4 அங்குலம் அகலம். உயரம் உங்கள் கணக்குப்படி செ.மீ.யில். நடு லாச்சி வேண்டாம், வேண்டுமென்றால் பக்கத்தில் சில்லு வைத்த தனிப் பெட்டி. முன்பக்கக் குறுக்குச் சட்டத்தை விளிம்பிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளுவது. முன்விளிம்பை உருட்டிச் சீவுவது, ஏனென்றால் கூர் விளிம்புதான் மணிக்கட்டை அறுக்கும். தேக்கு, மகோகனி பார்வைக்கு அழகு. வேலைக்கு 18 மி.மீ. ப்ளைவூட்டும் இரும்புச் சட்டமும் போதும். பளபளவென்று பொலிஷ் வேண்டாம், மின்குமிழின் வெளிச்சம் அதில் பட்டுக் கண்ணில் அடிக்கும். மங்கல் பூச்சு கேளுங்கள்.

மோட்டாரில் ஏறி இறங்கும் மேசைகளும் இப்போது கொழும்பில் தாராளமாகக் கிடைக்கின்றன. நின்று வேலை செய்யத்தான் எல்லாரும் வாங்குகிறார்கள். ஆனால் குட்டையானவர்களுக்கு அதன் உண்மையான பயன், கீழே இறங்குவது. அங்கேதான் ஏமாற்றமும். காலில் இரண்டு அடுக்குக் குழாய் உள்ளவை பெரும்பாலும் 70 செ.மீ.க்குக் கீழே இறங்குவதில்லை. மூன்று அடுக்கு உள்ளவை 60 சுற்றுக்கு இறங்கும். விற்பவர் எப்போதும் எவ்வளவு உயரும் என்பதையே சொல்வார், நீங்கள் கேட்கவேண்டியது எவ்வளவு இறங்கும் என்பது. ஒற்றை மோட்டார் மலிவு, பாரம் ஒரு பக்கம் கூடினால் முக்கும். கடையில் முழுக்க உயர்த்தி, முன்விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மொனிட்டர் நடுங்கினால் வேண்டாம். கரண்ட் போய் வந்தபின் சில மேசைகள் அசையாமல் நிற்கும், பழுதென்று பயப்பட வேண்டாம். இறக்கும் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்தால் அடிமட்டம் வரை போய்த் தன்னைத் திரும்ப அளந்துகொள்ளும்.

இனிக் கதிரை.

கடைகளில் உள்ளதை விலைப்படி அல்லாமல் பொறிமுறைப்படி பிரிக்கவேண்டும். இருக்கைக்கு அடியில் குனிந்து பாருங்கள். ஒரே ஒரு பிடியும் நடுவில் ஒரு திருகும் மட்டும் இருந்தால் அது நடுவில் சாயும் வகை. சாய்ந்தால் முதுகும் இருக்கையும் ஒன்றாகவே பின்னுக்குப் போகும், இருக்கையின் முன்விளிம்பு தொடையைத் தூக்கும், பாதம் தரையை விடும். அதனால் யாரும் அதில் சாய்வதில்லை, நாள் முழுவதும் நிமிர்ந்தே விறைத்திருப்பார்கள். மற்றது, முதுகு கூடுதலாகவும் இருக்கை கொஞ்சமாகவும் சாயும் வகை. சிங்க்ரோ என்பார்கள். பாதம் தரையிலேயே நிற்கும். முதுகை 100 முதல் 110 பாகையில் விட்டு வேலை செய்ய முடிவது இதில்தான். கூடுதல் காசு கொடுப்பதற்கு முதல் நியாயமான காரணம் இதுவே. தலைதாங்கியோ குரோம் காலோ அல்ல.

இரண்டாவது காரணம், இருக்கையின் ஆழம். பின்முதுகு நன்றாக ஒட்ட உட்கார்ந்தபின், இருக்கை விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் புகவேண்டும். கடைக் கதிரைகளின் இருக்கை 48 முதல் 52 செ.மீ. ஆழம். ஐந்தடி இரண்டங்குலப் பெண்ணுக்கு 40, 41 போதும். விளிம்பு முழங்காலின் பின்னே குத்தும், அவர் முன்னே நகர்ந்து உட்காருவார், முதுகுத் தாங்கி சும்மா நிற்கும். நம் கந்தோர்களில் விலைகூடிய கதிரையின் நுனியில் உட்கார்ந்து வேலை செய்யும் பெண்களைப் பாருங்கள், காரணம் இதுதான். இருக்கையை முன்பின் நகர்த்தும் வசதி உள்ள கதிரை கிடைத்தால், முழுக்க உள்ளே தள்ளிய நிலையில் ஆழத்தை அளந்து வாங்குங்கள். இல்லாவிட்டால் 8 செ.மீ. தடிப்புள்ள கடினமான ஸ்பொன்ஜ் பலகை ஒன்றை முதுகுக்கு வெட்டிக்கொள்ளலாம். கார்களுக்கு விற்கும் வளைந்த முதுகணை அவ்வளவு உதவாது, இடுப்பை மட்டும் தள்ளி மேல்முதுகை அந்தரத்தில் விடும்.

இடுப்புத் தாங்கி பெல்ட் கட்டும் இடத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே முட்டவேண்டும். மேலும் கீழும் நகராத தாங்கி குட்டையானவர்களுக்கு விலாவில் முட்டும். சில கதிரைகளில் முழு முதுகையும் படிப்படியாகத் தூக்கலாம், உச்சிக்குத் தூக்கினால் ‘டக்’ என்று அடிக்கு விழுந்துவிடும். அது பழுதல்ல, இறக்கும் முறையே அதுதான். பலர் இது தெரியாமல் ஒரே படியில் வைத்திருக்கிறார்கள்.

கைதாங்கிகளைப் பற்றிச் சந்தேகத்தோடு இருங்கள். உயரம் மாற்ற முடியாத கைதாங்கி, மேசைப் பலகையில் இடித்துக் கதிரையை உள்ளே போகவிடாது. நீங்கள் எட்டித் தட்டுவீர்கள். பக்கத்துக்கு இரண்டு அல்லது மூன்று போல்ட்தான், கழற்றிவிட்டால் மலிவுக் கதிரைகூட ஒரு படி உயர்ந்துவிடும். உயரம் மாறும் வகையில், கடையில் வைத்தே இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் அசையுங்கள். புதிதிலேயே கடகடவென்றால் ஒரு வருடத்தில் கழன்று தொங்கும்.

தலைதாங்கி பெரும்பாலும் அலங்காரம். ஐந்தடி ஆறுக்குக் குறைந்தவர்களுக்கு அது பிடரியில் முட்டாமல் உச்சந்தலையைப் பிடித்து முன்னே தள்ளும். கழற்றத் தெரிந்தால் கழற்றிவிடலாம், அதற்கென்று தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வலையா, மெத்தையா? முதுகு வலையாக இருப்பது கொழும்பு வெக்கைக்கு மிகச் சரி. இருக்கையும் வலையாக உள்ள கதிரைகளில் காற்றோட்டம் நன்றுதான், ஆனால் மலிவானவற்றில் வலை தொய்ந்ததும் முன்பக்கப் பிளாஸ்டிக் சட்டம் தொடையில் பதியும். முட்டியால் நடுவில் அமுக்கிப் பாருங்கள், விளிம்புச் சட்டம் கைக்கு உறுத்தினால் உடம்புக்கும் உறுத்தும். நடுத்தர விலையில் வலை முதுகும் துணி போர்த்திய அடர்த்தியான மெத்தை இருக்கையும்தான் நமது தெரிவு. மெத்தையைப் பெருவிரலால் அழுத்தினால் பலகை தட்டக்கூடாது. விட்டதும் மெதுவாக நிமிரவேண்டும்.

கறுப்பு ரெக்சீன் போட்ட, உயரமான ‘டிரெக்டர்’ கதிரை இந்த ஊருக்கு உதவாது. வியர்வை ஒரு காரணம். பெரிய காரணம், பொலியூரிதேன் படலம் ஈரக்காற்றில் உள்ளிருந்தே சிதையும் என்பது. மீன் செதில் போலக் கழன்று சேலையிலும் சட்டையிலும் ஒட்டும். குளிரூட்டியைப் பகலில் போட்டு இரவில் நிறுத்தும் அறைகளில் இது இன்னும் வேகமாக நடக்கும். பந்தயக் கார் இருக்கை போன்ற கேமிங் கதிரைக்கும் இதே தீர்ப்பு. அதன் பக்க மேடுகள் வளைவில் சரியும் ஆளைப் பிடித்துவைக்க வந்தவை, கணக்கு எழுதுகிறவரின் தொடையை அவை இரண்டு பக்கமும் நெருக்குவதைத் தவிர வேறு வேலை செய்வதில்லை.

கடல் பக்கத்து வீடுகளில், மரைன் டிரைவ் ஓரத்து மாடிகளில் குறிப்பாக, இரும்பு ஒரு தனிப் பிரச்சினை. உப்புக்காற்றில் குரோம் கால் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும், சில்லின் ஆணி இறுகிச் சுழலாது. அங்கே கண்ணாடியிழை கலந்த நைலோன் கால் குரோமைவிட நல்லது. பார்வைக்கு மலிவாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஐந்து கால் இருப்பதை மட்டும் உறுதிசெய்யுங்கள். மாபிள் தரைக்கு, கதிரையோடு வரும் கடின நைலோன் சில்லு வழுக்கும், சத்தமும் போடும். மென்மையான பொலியூரிதேன் சில்லு ஐந்து வாங்கி மாற்றிவிடலாம். ஆணி பெரும்பாலும் 11 மி.மீ. விட்டம், இழுத்தால் கழன்று வரும், புதியதை அமுக்கினால் பூட்டிக்கொள்ளும்.

ஒட்டியிருக்கும் சான்றுகளையும் பார்த்துவிடுவோம். ‘கிளாஸ் 4’ என்பது காஸ் சிலிண்டரின் பலத்தைச் சொல்வது. பிஃப்மா என்பது கதிரை உடையாமல் பாரம் தாங்குமா, திரும்பத் திரும்ப உட்கார்ந்தால் நிலைக்குமா என்பதற்கான அமெரிக்கப் பரிசோதனை. இரண்டும் வேண்டியவைதான், ஆனால் உங்கள் முதுகுக்கு நல்லது என்று எந்த ஸ்டிக்கரும் சொல்லவில்லை.

இரண்டாம் கைச் சந்தையை நாம் தாராளமாகச் சிபாரிசு செய்வோம். கந்தோர்கள் இடம் மாறும்போது நல்ல கதிரைகள் இக்மன் விளம்பரத் தளத்தில் வரும். 1994இல் வெளிவந்த, ஹெர்மன் மில்லர் நிறுவனத்தின் ஏரொன் கதிரை எப்போதாவது தலைகாட்டும். அது ஏ, பி, சி என்று மூன்று அளவில் செய்யப்பட்டது. முதுகுச் சட்டத்தின் மேல்விளிம்பில், பின்பக்கமாகத் தடவினால் கைக்குத் தட்டுப்படும் புள்ளிகள் அளவைச் சொல்லும்: ஒன்று சிறியது, இரண்டு நடு, மூன்று பெரியது. பெரும்பாலும் வருவது இரண்டு புள்ளி. ஐந்தடிக்காரர் மூன்று புள்ளிக் கதிரையை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. பன்னிரண்டு வருட உத்தரவாதம் முதல் சொந்தக்காரருக்கு மட்டுமே, ஆகவே அதைக் காட்டி விலை கூட்டினால் மறுத்துவிடுங்கள். எந்தப் பழைய கதிரையானாலும் உச்சிக்கு உயர்த்தி, தரையிலிருந்து இருக்கையை அளந்து, கால் மணித்தியாலம் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப அளக்கவேண்டும். இறங்கியிருந்தால் சிலிண்டர் போய்விட்டது. அதற்காகக் கதிரையை எறிய வேண்டாம், சிலிண்டர் மட்டும் தனியாகக் கிடைக்கும். அது திருகால் பூட்டப்பட்டதல்ல, கூம்பாக இறுகி நிற்பது. கதிரையைக் கவிழ்த்து, காலின் அடியிலுள்ள வளையத்தைக் கழற்றி, சுத்தியலால் தட்டினால் கால் விடும். மேலே இருக்கைப் பக்கத்தைக் குழாய்க் குறட்டால் பிடித்துத் திருப்பவேண்டும். குட்டையானவர்கள் அந்தச் சந்தர்ப்பத்திலேயே குறுகிய சிலிண்டர் கேட்டு வாங்கினால், 45இல் நின்ற இருக்கை 40 வரை இறங்கிவிடும்.

புதுக் கதிரை பெட்டியில்தான் வரும், த்ரீவீலில் ஏற்றிவிடலாம். மேசைப் பலகைக்குப் பட்டா லொறி வேண்டும். பூட்டும்போது எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் பாதி வரை மட்டும் ஏற்றி, கடைசியில் எதிரெதிராக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போனால் ஓட்டைகள் நேர்படாது, பலவந்தமாகத் திருகினால் ப்ளைவூட்டுக்குள் இருக்கும் நட் பிடி விட்டுவிடும். பிறகு அந்தக் கதிரை வாழ்நாள் முழுக்க முனகும். இரண்டு கிழமை பாவித்தபின் எல்லாவற்றையும் ஒருமுறை திரும்ப இறுக்கவேண்டும்.

மொனிட்டருக்குப் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போதும், நாலு கடை ஏறி இறங்கினால் விலையும் குறையும். கையை நீட்டினால் விரல்நுனி திரையைத் தொடும் தூரம், மேல்விளிம்பு கண்மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே. இரட்டைப் பார்வைக் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் சில செ.மீ. இறக்கவேண்டும், இல்லாவிட்டால் கண்ணாடியின் அடிப்பகுதியால் பார்க்கத் தாடையைத் தூக்கித் தூக்கிக் கழுத்து நோகும். மொனிட்டர்க் கை வாங்கினால், திரையின் பின்னேயுள்ள நாலு ஓட்டைக்கு நடுவிலான தூரம் 75 அல்லது 100 மி.மீ. என்று பார்த்துக்கொள்ளுங்கள். மரத்தூள் பலகை மேசையில் அதன் கவ்வி பலகையை நொறுக்கும், மேலும் கீழும் ஒரு துண்டு ப்ளைவூட் வைத்து இறுக்குங்கள். திரையைக் கழற்றுமுன் கையை உச்சிக்கு உயர்த்திவிடவேண்டும். பாரம் போனதும் உள்ளேயிருக்கும் ஸ்பிரிங் முகத்தை நோக்கி அடிக்கும்.

லப்டொப்பை மட்டும் வைத்து நாள் முழுவதும் வேலை செய்பவருக்கு எந்த மேசை உயரமும் சரிவராது. திரை சரியானால் கை தவறும், கை சரியானால் கழுத்து தவறும். தனிக் கீபோட், மவுஸ் வாங்கி லப்டொப்பை மேடையில் ஏற்றுவதுதான் ஒரே தீர்வு, இதற்கு ஆகும் செலவும் சின்னது.

கீபோட்டில் தமிழ் தட்டுபவர்களுக்கென்று ஒன்று. பாமினி என்ற தமிழ்த் தட்டச்சு முறையில் புள்ளி வலது சுண்டுவிரலின் கீழ் இருக்கிறது. தமிழ் வசனம் எதிலும் மெய்யெழுத்து நிறைய, ஆகவே மிகப் பலவீனமான விரலுக்கே கூடுதல் வேலை. எண்பலகையோடு கூடிய நீளக் கீபோட்டை மொனிட்டருக்கு நடுவாக வைத்தால் எழுத்துப் பகுதி முழுவதும் இடது பக்கம் நகர்ந்துவிடும், வலது மணிக்கட்டு வெளிப்பக்கம் முறிந்து நிற்கும், அந்தச் சுண்டுவிரல்தான் முதலில் நோகும். நடுவாக வரவேண்டியது கீபோட் அல்ல, அதன் ஜி, எச் விசைகள். அவை தொப்புளுக்கு நேரே வரட்டும். எண்கள் அதிகம் தட்டாதவர்கள் எண்பலகை இல்லாத கீபோட் வாங்கினால் மவுஸும் ஒரு சாண் உள்ளே வரும். கீபோட்டின் பின்காலை மடக்கி வையுங்கள், நிமிர்த்தினால் மணிக்கட்டு மேல்நோக்கி வளையும்.

வெளிச்சத்துக்கு விதி ஒன்றுதான், யன்னல் உங்கள் பக்கவாட்டில் வரவேண்டும். கடலைப் பார்த்த மேற்கு யன்னலுக்கு எதிரே மேசை போட்டால் பின்னேரம் மூன்று மணிக்கு மேல் திரையில் ஒன்றும் தெரியாது. ஃபேன் காற்று நேரே முகத்தில் அடித்தால் கண் வறண்டு எரியும், அதற்குக் கண்ணாடிக் கடைக்குப் போகுமுன் ஃபேனைத் திருப்பிப் பாருங்கள். யூபிஎஸ் பெட்டியைக் காலடியில் வைக்காதீர்கள். பாதம் வைக்க இடமில்லாமல் முழங்காலைச் சரித்து உட்காரும் பழக்கம் அதிலிருந்துதான் வருகிறது.

கந்தோர் ஊழியருக்குச் சட்டம் வைத்த கணக்கே கிழமைக்கு 45 மணித்தியாலம். அவ்வளவு நேரமும் ஒரே நிலையில் இருந்தால் இங்கே சொன்ன எதுவும் காப்பாற்றாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எழுந்து தண்ணீர்ப் போத்தலை நிரப்பிவரவேண்டும், சின்னப் போத்தலாக வைத்தால் தானாகவே நடக்கும். இரவில் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மரத்து எழுப்பினால் அது கதிரைக் கடைக்காரர் தீர்க்கும் விஷயமல்ல, டொக்டரிடம் காட்டுங்கள்.

கையில் இருக்கும் பணத்தை எப்படிப் பிரிப்பது? மேசைக் காலை வெட்டும் கூலி முதலில். அடுத்தது தனிக் கீபோட்டும் மவுஸும். மிச்சத்தில் பெரும்பங்கு சிங்க்ரோ பொறிமுறை, நகரும் இடுப்புத் தாங்கி, உயரம் மாறும் கைதாங்கி உள்ள நடுத்தரக் கதிரைக்கு. மோட்டார் மேசை அதற்குப் பிறகும் மிஞ்சினால் பார்க்கலாம். மலிவுக் கதிரையை நாளுக்கு இரண்டு மணித்தியாலம் வேலை செய்பவருக்கு மட்டும், கைதாங்கியைக் கழற்றிவிட்டு, ஏற்கலாம்.

காசு கொடுக்குமுன் பில்லில் உத்தரவாதத்தைப் பகுதி பகுதியாக எழுதச் சொல்லுங்கள்: காஸ் எத்தனை மாதம், பொறிமுறை எத்தனை மாதம், கால், கைதாங்கி எத்தனை மாதம். ‘ஒரு வருட வொரண்டி’ என்று பொதுவாக எழுதிய பில்லோடு போனால், "அது பொடிக்குத்தான் மிஸ், காஸுக்கு இல்ல" என்ற பதில் வரும். பெட்டியை எறியாதீர்கள், பெட்டி இல்லாமல் திருப்பி எடுக்க மறுக்கும் கடைகள் உண்டு.